பின்னால் ஆள்

ஐஸ் ஹொக்கியில் கோலியாக நிற்கிறவனுக்கு உலகத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும். அது பெரும்பாலும் நல்ல அபிப்பிராயமாக இருக்காது. பதினேழு வருடம் நான் கோல் வலைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். கூட விளையாடியவர்களின் முகங்களைவிட முதுகுகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கோல் அடிக்கிறவன் அடித்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு, பெண்சாதி வீடியோ எடுத்தாளா என்று மேலே பார்ப்பான். அவனைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது பிரியந்தனைப் பற்றி. அவன் தடுப்பாட்டக்காரன். இத்தனை வருடத்தில் அவன் போட்ட கோல்கள் ஒன்பது. அதில் ஒன்று எங்கள் வலைக்குள்ளேயே போட்டது. அதற்கும் என்னைத்தான் ஏசினார்கள்.

என் பெயர் ஜனார்த்தன். ஸ்காபரோவில் ஒரு ஆய்வுகூடத்தில் பொய்ப்பல் செய்வது என் தொழில். நான் விளையாடும் லீக்கில் வாடிக்கையாளர்களுக்குக் குறைவில்லை.

பிரியந்தனும் ராகுலனும் நானும் ஒரே கட்டிடத்தில் வளர்ந்தவர்கள். எக்ளிங்டன் கிழக்கில் பதினான்கு மாடி. மாடிக்கு நாலைந்து யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். மூன்று பேரும் ஒன்பது பத்து வயதில், ஒரு வருட வித்தியாசத்தில் வந்து இறங்கினோம். ஐஸில் சறுக்க ஒருவரிடமும் சப்பாத்து இல்லை. கட்டிடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில், உடைந்த மட்டைகளுக்கு ஒட்டுநாடா சுற்றி, ரெனிஸ் பந்தை அடித்து விளையாடினோம். அங்கே விளையாடக்கூடாது என்று எழுதியே போட்டிருந்தார்கள். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கேய மனிதர் பிடித்தால் மட்டையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆகவே பந்தை எடுக்கத் தூண் மறைவுக்குள் போகிறவனுக்கு மற்றவன் காவல். அந்த மனிதர் வருவது தெரிந்தால் “ஆள்!” என்று ஒரு சத்தம். சத்தம் இல்லையென்றால் ஒருவரும் வரவில்லை, ஆறுதலாக எடுக்கலாம். பிரியந்தனின் தங்கை துர்க்காவும் சில நாட்களில் படிக்கட்டுக் கதவடியில் நின்று சத்தம் கொடுப்பாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

பிறகு சப்பாத்து வாங்கினோம், ஐஸில் சறுக்கப் பழகினோம், வளர்ந்தோம், வேலைக்குப் போனோம். ராகுலன் துர்க்காவைக் காதலித்துக் கலியாணம் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விளையாடுகிற ஒரு பெரியவர்கள் அணியில் மூன்று பேரும் சேர்ந்தோம். நான் கோலி; அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் ஜோடித் தடுப்பாட்டக்காரர்கள்.

பிரியந்தன் வேகமானவன் இல்லை. நகரப் பேருந்து ஓட்டுகிறவன். வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டது. ஆனால் வேகம் தேவைப்படுகிற இடத்தில் அவன் ஒருநாளும் நின்றதில்லை. எதிராளி பக்கைக் கொண்டு வரும்போது – பக் என்பது நாங்கள் அடிக்கிற கறுப்பு ரப்பர் வட்டு – பிரியந்தன் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே வருவான். இருவருக்கும் இடையில் ஒன்றரை மட்டை தூரம். அது கூடாது, குறையாது. பக்கைப் பார்க்கவே மாட்டான். எதிராளியின் நெஞ்சைத்தான் பார்ப்பான். மட்டை பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், தோள்கூடப் பொய் சொல்லும். நெஞ்சு மட்டும் போகிற இடத்துக்குத்தான் போகும் என்பான். வழி விடுகிற மாதிரி விட்டு, ஆளை மெல்லமெல்லத் தளத்தைச் சுற்றியிருக்கும் பலகைச் சுவர் ஓரத்துக்கு அனுப்பிவிடுவான். அங்கிருந்து அடிக்கிற அடி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எதிராளி தானாக விரும்பி அந்தப் பக்கம் போனதாக நினைத்துக்கொள்வான்.

பக் கையில் கிடைத்தால் வித்தை காட்டமாட்டான். கிட்ட நிற்கிற நம்முடைய ஆளுக்குக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடுவான். பார்க்க வந்தவர்கள் விளையாட்டு முடிந்து போகும்போது அவன் விளையாடினானா என்றே கேட்பார்கள். நல்ல தடுப்பாட்டக்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று நான் சொல்லுவேன். அவனுக்கு அது கொஞ்சம் கவலைதான். ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லிக் கத்துங்கோடா என்று பகிடியாகச் சொல்லுவான். நாங்கள் சிரிப்போம், கத்தமாட்டோம்.

ஆனால் அவனுடைய பெரிய கெட்டித்தனம் வாயில் இருந்தது. எதிராளிகள் பக்கை எனக்குப் பின்னால் மூலைக்குள் அடித்துவிட்டு ஓடிவருவார்கள். அதை எடுக்க ராகுலன் போவான், அவன்தான் கெதியானவன். எடுக்கப் போகிறவன் பலகையைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அந்த இரண்டு மூன்று வினாடி அவனுக்கு முதுகில் கண் இல்லை. துரத்தி வருகிறவன் கிட்டவா, தூரவா என்று ஜோடிக்காரன்தான் சொல்லவேண்டும். மற்ற அணிகளில் இதற்கு ஏழெட்டுச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். இவர்களிடம் கார் நிறுத்தும் இடத்துச் சொல் ஒன்றுதான். “ஆள்!” என்றால் பின்னால் நிற்கிறான், உடலைச் சுருக்கி, பக்கைப் பலகையோடு தட்டிவிடு. சத்தம் இல்லையென்றால் நேரம் இருக்கிறது, ஆறுதலாகத் திரும்பு. பேருந்துக்காரன் கண்ணாடி பார்ப்பதுபோல் பிரியந்தன் தளம் முழுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பான். ராகுலன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அத்தனை நம்பிக்கை.

இப்படி இருந்தவர்கள்தான் ஆறு வருடம் கதைக்காமல் இருந்தார்கள்.

ராகுலனுக்கும் துர்க்காவுக்கும் ஒரே மகள், நிலாணி. அவள் பெரியபிள்ளை ஆனபோது பெப்ரவரி நீண்ட வாரஇறுதியில் ஒரு மண்டபம் எடுத்துச் சடங்கு வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் தேங்காய் உடைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். அந்த இடம் வேறு ஒருவருக்கும் இல்லை. பிரியந்தன் இரண்டு மாதத்துக்கு முன்பே மருமகளுக்குச் சேலை வாங்கிவிட்டான். அன்றைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. காலை ஒன்பதுக்கு முடிகிற ஓட்டத்தைக் கேட்டு வாங்கினான். ஆனால் அன்றைக்குக் கொட்டிய பனியில், அவனிடமிருந்து பேருந்தைப் பொறுப்பேற்க வேண்டிய ஓட்டுநர் வழியில் மாட்டிக்கொண்டார். பேருந்து நிறையச் சனம். நடுத்தெருவில் விட்டுவிட்டு இறங்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கைத்தொலைபேசியைத் தொடவும் முடியாது. அது சட்டைப்பைக்குள் பதினொரு தடவை அடித்தது.

மண்டபத்தில் ஐயர் நேரம் போகிறது என்று நெருக்கினார். பத்து ஐம்பதோடு நல்ல நேரம் முடிகிறது. இருநூற்றைம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. ராகுலன் ஒரு முடிவு எடுத்தான். துர்க்காவின் சித்தப்பா மகன் ஒருவர் ரெக்ஸ்டேலில் இருந்து வந்திருந்தார். அவருக்குத் தலைப்பாகை கட்டி நிறுத்தினான். பிரியந்தன் பேருந்துச் சீருடையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது தேங்காய் உடைத்து முடிந்துவிட்டது. நாற்பது நிமிடம் பிந்திவிட்டான். ராகுலன் அவனைப் பார்த்து, நேரத்துக்கு வந்திருக்கலாம்தானே என்றான். பிரியந்தன் தட்டை மேசையில் வைத்தான். சாப்பிடாமல் போய்விட்டான்.

யார் பிழை என்று என்னைக் கேட்காதீர்கள். இருவரும் சரி, இருவரும் மடையர்கள். ஒருவன் தாய்மாமனின் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். மற்றவன் இருநூற்றைம்பது பேருக்கு முன்னால் சாப்பிடாமல் எழும்பிப் போனான். எங்கள் சனத்தில் இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விதமாகச் சொல்லுவார்கள். பிறகு படத்தொகுப்பு வந்தது. முதல் பக்கத்தில் அந்த ரெக்ஸ்டேல்க்காரர் செம்பும் கையுமாக நின்றார். அதோடு கதை முடிந்தது. பிரியந்தன் விட்பியில் வாங்கிய புது வீட்டுக்கு ராகுலன் வரவில்லை. ரூஜில் இருந்த ராகுலன் வீட்டுக்கு இவன் போகவில்லை. துர்க்காதான் மகளையும் கூட்டிக்கொண்டு, ராகுலன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் வீட்டுக்குப் போய்வருவாள். எங்கள் ஆட்களுக்குக் கதைக்காமல் இருப்பது ஒரு முழுநேர உத்தியோகம். அதற்கு மட்டும் ஒருவரும் விடுப்பு எடுப்பதில்லை.

அணியை விட்டு மட்டும் இருவரும் போகவில்லை. போகிறவன் தோற்றவன் என்று நினைத்தார்களோ, அல்லது ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு விளையாட வராது என்று தெரிந்திருந்ததோ, எனக்குத் தெரியாது. உடைமாற்றும் அறையில் ஒருவன் கதவடியில், மற்றவன் குளிக்கும் இடத்தடியில். ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என்னிடம் சொல்லுவார்கள். நான் பத்து அடி தள்ளி இருக்கிறவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். ஆனால் தளத்தில் இறங்கிவிட்டால் “ஆள்!” என்ற சத்தம் வழமைபோல் வரும். அது கதைப்பதில் சேர்த்தி இல்லை, விளையாட்டில் சேர்த்தி என்று இருவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆறு வருடத்தில் பிரியந்தன் ராகுலனுக்குச் சொன்ன ஒரே சொல் அதுதான். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வரும். முழுதாக அறுந்துபோகவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிறு. பிரியந்தனுக்கு மீண்டும் வேலை இழுத்துவிட்டது. நாங்கள் உடைமாற்றி முடித்து, தளத்தில் இறங்கப்போகிற நேரத்தில்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று காலையில்தான் ராகுலனுக்கு ஒரு விஷயம் தெரியவந்திருந்தது. நிலாணிக்கு அப்போது பதினெட்டு. தனக்குச் சொல்லாமல் மூன்று மாதமாக விட்பிக்குப் போய், மாமனிடம் கார் ஓட்டப் பழகியிருக்கிறாள். சோதனையும் பாஸ். தகப்பனுக்குச் சுட்டிருக்கிறது. அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், அறை முழுவதுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“சில பேருக்குத் தேவையான இடத்துக்கு மட்டும் நேரத்துக்கு வரத் தெரியாது.”

அறையில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். ஆறு வருடமாக இருவரும் தொடாமல் வைத்திருந்த இடம் அது. பிரியந்தன் பையைக் கீழே வைத்தான். உட்கார்ந்து, முழங்கால் கவசத்தைக் கட்டினான். வார் கொளுவவில்லை, கழற்றித் திரும்பக் கட்டினான்.

முதல் இரண்டு பகுதிகளும் ஒழுங்காகத்தான் போயின. மூலைக்குப் பக் போன ஒவ்வொரு தடவையும் அவன் சத்தம் வந்தது. மூன்றாம் பகுதியில் நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். முடிய ஆறு நிமிடம் இருக்கும். எதிராளிகள் பக்கை என் இடப்பக்கத்து மூலைக்குள் அடித்தார்கள். ராகுலன் திரும்பி அதை எடுக்கப் போனான். அவனுக்குப் பின்னால் ஒரு பெடியன், இருபத்தைந்து வயது இருக்கும், முழு வேகத்தில் வந்தான். பிரியந்தன் என் வலைக் கம்பத்தடியில், என் கை எட்டும் தூரத்தில் நின்றான். அவன் அந்தப் பெடியனைக் கண்டான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தது. பிறகு மூடியது.

சத்தம் இல்லையென்றால் நேரம் இருக்கிறது. ராகுலன் ஆறுதலாக, முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கைக் காலால் தட்டி நிறுத்தித் திரும்பினான்.

எங்கள் லீக்கில் ஆளோடு ஆள் மோதுவதற்கு அனுமதி இல்லை. அந்தப் பெடியன் மோத வரவில்லை. கடைசி நேரத்தில் பிரேக் பிடிக்கப் பார்த்தான். சப்பாத்தின் விளிம்பு ஐஸில் கொளுவி விழுந்து, அப்படியே வந்து ராகுலனின் காலை வாரினான். ராகுலன் தலை முன்னால் போய்ப் பலகையில் அடிபட்டது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன். நாங்கள் எல்லாரும் முழங்காலில் அவனைச் சுற்றி இருந்தோம். அவன் கண்ணைத் திறந்து, என்னுடைய காலை யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டான். ஒருவரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

நானும் கத்தியிருக்கலாம். இதை நான் இங்கேதான் முதன்முதலாகச் சொல்லுகிறேன். கோலிக்கும் வாய் இருக்கிறது. நான் கண்டேன், எனக்கும் ஒரு வினாடி இருந்தது. பதினேழு வருடம் அந்தச் சத்தத்தை அவன்தான் கொடுத்தான்; இப்போதும் கொடுப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரங்கத்தில் விபத்துப் படிவம் ஒன்று தந்தார்கள். என்ன நடந்தது என்று எழுத நாலு வரி. கிட்ட நின்றவன் நான் என்பதால் என்னிடம் தந்தார்கள். கூட விளையாடியவர் எச்சரித்தார், ஆனால் திரும்ப நேரம் போதவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பிரியந்தன் பக்கத்தில் நின்று அதை வாசித்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் உதடு வெள்ளையாக இருந்தது.

கழுத்து எலும்பு. சத்திரசிகிச்சை இரண்டு. கால்கள் போய்விட்டன; கைகளில் கொஞ்சம் மிச்சம், விரல்களில் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் நாங்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். துர்க்கா அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்தாள். அவளும் அந்தக் கார் நிறுத்தும் இடத்தில் காவல் நின்றவள்தானே. சட்டம் அவளுக்குத் தெரியும்.

“அண்ணா, நீங்கள் சத்தம் குடுக்கேல்லையா?”

அவள் குற்றம் சாட்டவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டாள். பிரியந்தன் வாயைத் திறந்தான். நான் தரையைப் பார்த்தேன். அப்போது கட்டிலில் இருந்து ராகுலனின் குரல் வந்தது.

“குடுத்தவன். நான்தான் கெதியாத் திரும்பேல்லை.”

துர்க்கா அண்ணனின் தோளில் சாய்ந்து விம்மினாள். பிரியந்தன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, அவள் தலைக்கு மேலால் ராகுலனைப் பார்த்தான். ராகுலன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு விளங்காதது பிறகு விளங்கியது. வருகிறவனுக்கும் வலைக்கும் நடுவில் போய் நிற்பதுதான் தடுப்பாட்டக்காரனின் வேலை. கட்டிலில் அசைய முடியாமல் கிடந்தபடி ராகுலன் அதைத்தான் செய்தான்.

மற்றதைப் பிரியந்தன் என்னிடம் ஒருநாள் ஒரு கோப்பிக்கடை வாசலில், காருக்குள் வைத்துச் சொன்னான். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராகுலனை உடற்பயிற்சி கொடுக்கிற ரீஹாப் நிலையத்துக்கு மாற்றியிருந்தார்கள். துர்க்கா வேலைக்குப் போயிருந்தாள். அறையில் இருவர் மட்டும். பிரியந்தன் கட்டிலடியில் நின்றபடியே சொல்லிவிட்டானாம்.

“மச்சான், நான் சத்தம் குடுக்கேல்லை.”

“தெரியும்.”

பிறகு ராகுலன்தான் கேட்டான்.

“அவன் வாறதைக் கண்டனியா?”

“கண்டனான். ஒருக்காப் பக்கைப் பறிகுடுக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான் நினைச்சனான்.”

 அதற்கு ராகுலன், துர்க்காவுக்கு அண்ணன் என்று நீ ஒருத்தன்தான் இருக்கிறாய், அவளுக்குச் சொல்லிப்போடாதே என்றானாம். அதற்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கு மட்டும் கழுத்து இடம்கொடுத்தது என்று சொல்லும்போது பிரியந்தன் காரின் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். நாற்பத்தைந்து வயது மனிதன் அப்படி அழுவதை நான் முன்னர் பார்த்ததில்லை.  தேற்றுவதற்குச் சொல்லக்கூடிய எல்லாமே பொய்யாக இருந்தன. கோப்பி ஆறிப்போய்விட்டது.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் அணி கலைந்தது. என் கவசங்களை விற்றுவிட்டேன். பிரியந்தன் காலையிலும் மாலையிலும் ஓட்டம், நடுவில் ஐந்து மணித்தியாலம் இடைவெளி வருகிற மாதிரி வேலையைக் கேட்டு எடுத்திருக்கிறான். வேறு ஒருவரும் விரும்பி எடுக்காத ஓட்டம் அது. அந்த ஐந்து மணித்தியாலமும் ரூஜில் தங்கை வீட்டில். ராகுலனுக்கு முகம் வழிக்கிறான், உடுப்பு மாற்றுகிறான், கட்டிலில் இருந்து நாற்காலிக்குத் தூக்குகிறான், காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறான். ஒருநாளும் பிந்தி வருவதில்லை. சரியாகப் பத்தேகாலுக்குக் கதவு மணி அடிக்கும் என்று துர்க்கா சொன்னாள்.

போன கிழமை நான் போனேன். சாப்பாட்டு அறையைத்தான் ராகுலனின் அறையாக்கியிருக்கிறார்கள். முன்வாசலில் மரத்தில் ஒரு சாய்தளம் அடித்திருந்தது. துர்க்கா என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய், தேத்தண்ணி போட்டபடி மெல்லிய குரலில் கதைத்தாள். மெலிந்துவிட்டாள், காதோரம் நரை. நடந்தது நடந்துவிட்டது ஜனாண்ணை, ஆனால் ஒரு நன்மை, இரண்டு பேரும் சேர்ந்துவிட்டினம் என்றாள். நாள் முழுக்க ஏதாவது கதைத்துக்கொண்டிருப்பார்களாம். அவள் கும்பிடாத கோயில் இல்லையாம் இதற்காக. மாமாவும் அப்பாவும் கதைப்பதைக் கேட்டுக்கொண்டே படிக்கிறேன் என்று நிலாணியும் சொல்லுகிறாளாம். அதைச் சொல்லும்போது துர்க்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. 

தேத்தண்ணியைக் கொண்டு வருகிறேன், நீங்கள் போய் அவர்களோடு இருங்கள் என்றாள். போனேன். சப்பாத்து இல்லாத கால், கம்பளத்தில் சத்தம் இல்லை. கதவு திறந்திருந்தது.

ராகுலன் கூரையைப் பார்த்துக் கிடந்தான். பிரியந்தன் கட்டிலடியில் வாசலைப் பார்த்தபடி இருந்து, அவனுடைய வலது காலை முழங்காலில் மடக்கி மெல்ல நீட்டிக்கொண்டிருந்தான். இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. என்னைக் கண்டு பிரியந்தன் தலையை அசைத்தான். ராகுலன் கண்ணால் வா என்றான். நான் நாற்காலியில் இருந்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. கால் மடங்கியது, நீண்டது, மடங்கியது. ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு ஒரு மணித்தியாலம் மாதிரிப் போனது. எழும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

குசினிப் பக்கத்தில் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு துர்க்காவின் செருப்புச் சத்தம் நடைபாதையில். பிரியந்தன் தலையை நிமிர்த்தாமலே, தாழ்ந்த குரலில், எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“ஆள்.”

ராகுலன் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்று மட்ச் பார்த்தனியோ மச்சான், கடைசிப் பகுதியில் அந்தத் தடுப்பாட்டக்காரன் விட்ட பிழையைக் கண்டனியோ என்று உரத்துக் கேட்டான். பிரியந்தன் சிரித்தான். அவன் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்று சொன்னான். துர்க்கா தட்டை மேசையில் வைத்து, மூன்று பேரையும் பார்த்துச் சிரித்து, எனக்குச் சீனி போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குத் திரும்பிப் போகும்வரை இருவரும் கதைத்தார்கள்.